தீயில் எரிந்த 1968 எம்ஜிபி கார்: பழைய உடலைக் காப்பாற்றலாமா, புதிய உடல் வாங்க வேண்டுமா?

லெஸ்டர் பணிமனை எழுதியது:

மே மாதம் இரண்டாவது ஞாயிறு மாலை என் வீட்டு வாசலில் என் கார் எரிந்தது. 1968ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டர், வெளிர் மஞ்சள் நிறம், 1996 முதல் என்னிடம் இருக்கிறது. யாருக்கும் காயம் இல்லை.

பிராட்கேட் பூங்கா வரை போய்விட்டுத் திரும்பியிருந்தேன். கராஜ் கதவைத் திறப்பதற்காக எஞ்சினை ஓடவிட்டு இறங்கினேன். பெட்ரோல் வாடை அடித்தது. திரும்பிப் பார்த்தபோது பானட்டின் இடது ஓரத்தில் பெயின்ட் கொப்பளித்துக்கொண்டிருந்தது. உள்ளே கைவிட்டுச் சாவியைத் திருப்பி அணைத்தேன். பின்னால் இருக்கும் மின்சார பம்ப், சாவி திறந்திருக்கும்வரை பெட்ரோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும் என்பது தெரியும். பானட்டைத் திறக்கவில்லை. திறந்தால் காற்று புகுந்து தீ எழும்பும் என்று பணிமனையில் ஆண்டுதோறும் சொல்லிக்கொடுப்பார்கள். கையிலிருந்த இரண்டு கிலோ பவுடர் அணைப்பானை முன் கிரில் வழியாகவும் சக்கர வளைவு வழியாகவும் அடித்துத் தீர்த்தேன். போதவில்லை. பக்கத்து வீட்டார் 999ஐ அழைத்து, தீயணைப்பு வண்டி வந்து தண்ணீர் அடிக்கும்வரை எஞ்சின் அறை எரிந்தது.

காரணம் எனக்குத் தெரியும். இரண்டு கார்புரேட்டருக்கும் நடுவே பெட்ரோல் போகும் கையளவு ரப்பர் குழாய். 2021 செப்டம்பரில் இங்கே சாதாரண பெட்ரோலில் எத்தனால் 10 சதவீதமாக உயர்ந்தபோது மற்ற எல்லாக் குழாய்களையும் மாற்றினேன். இது மட்டும் பார்க்கப் புதிதாக இருந்ததால் விட்டுவிட்டேன். இந்தக் காரில் எஸ்யு கார்புரேட்டர் இரண்டும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு (சூடான புகை வெளியேறும் குழாய்) நேர் மேலே இருக்கின்றன. அங்கே ஒரு குழாய் வெடித்தால் பெட்ரோல் விழுவதற்கு வேறு இடமே இல்லை. எம்ஜிபி, மிட்ஜெட் வைத்திருக்கும் யாராவது இதைப் படித்தால், இன்றே பானட்டைத் திறந்து அந்தக் குழாயை வளைத்துப் பாருங்கள். வெளிப்பக்கம் பளபளப்பாக இருந்தாலும் உட்பக்கம் வெடித்திருக்கும்.

இப்போதைய நிலை: 1968 என்பதால் பானட் அலுமினியம். நடுப்பகுதி உருகி ராக்கர் மூடியின் மேல் கட்டியாக உறைந்திருக்கிறது. கார்புரேட்டர், வயரிங், ஹீட்டர் பெட்டி, ரேடியேட்டர் குழாய்கள் எதுவும் இல்லை. இடது முன் டயர் எரிந்துவிட்டது. முன் கண்ணாடி வெடித்தது. டாஷ்போர்டின் இடது பாதி வளைந்திருக்கிறது. இருக்கைகள் புகை படிந்ததோடு தப்பின. கதவுகளுக்குப் பின்னால் பெயின்ட் அப்படியே இருக்கிறது. சேசிஸ் எண் தகடும் உருகிவிட்டது. ஆனால் எண் ஜிஹெச்என்4 என்று தொடங்குவது பதிவுப் புத்தகத்திலும், கேடன் கார் அருங்காட்சியகத்திலிருந்து முன்பே வாங்கிவைத்த உற்பத்திச் சான்றிதழிலும் இருக்கிறது.

காப்பீட்டு நிறுவனம் எஸ் வகை என்று பதிந்திருக்கிறது, அதாவது கட்டமைப்புச் சேதம், ஆனால் பழுதுபார்க்கத் தக்கது. ஒப்புக்கொண்ட தொகையில் ஒரு பகுதியைக் கழித்துக்கொண்டு காரை என்னிடமே விட்டுவிட்டார்கள்.

ஏன் இதை நானே செய்ய நினைக்கிறேன் என்றும் சொல்ல வேண்டும். நான் 34 ஆண்டுகள் பஸ் பணிமனையில் மின்பணியாளராக இருந்தேன். மதியம் இரண்டு மணிக்கு ஷிப்ட் முடியும். கையில் எந்த வேலை இருந்தாலும் சீட்டில் எழுதி அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு வர வேண்டும். மறுநாள் போனால் அந்த பஸ் சாலையில் இருக்கும். யார் முடித்தார்கள், எப்படி முடித்தார்கள் என்று தெரியாது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, பஸ் ஓட வேண்டும். ஆனால் ஒரு வண்டியையாவது தொடக்கம் முதல் கடைசி ஸ்க்ரூ வரை என் கையால் முடிக்க வேண்டும் என்ற ஆசை அப்போதிருந்தே இருக்கிறது. இப்போது எனக்கு 67 வயது. இரண்டு கைகளும் நன்றாக இருக்கின்றன.

மின்வேலை எனக்குப் பிரச்சினை இல்லை. இரும்பு வேலைதான் தெரியாது. தீயில் வெந்த தகரத்தை நம்பலாமா? அல்லது விட்னியில் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் செய்யும் புதிய உடலை வாங்கி எல்லாவற்றையும் அதற்கு மாற்றுவதுதான் சரியா? எங்கிருந்து தொடங்குவது?

---

ஹாரோ வேதியியல் எழுதியது:

அண்ணா, உடல் பழையதா புதியதா என்பதைப் பிறகு பேசலாம். தீ நடந்து எத்தனை நாள் ஆகிறது? இன்னும் கழுவவில்லை என்றால் இன்றே கழுவுங்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

நான் ஆய்வுக்கூடத்தில் உலோக அரிப்புப் பிரிவில் வேலை செய்து ஓய்வுபெற்றவள். எங்கள் வீட்டிலும் ஒரு ஸ்பிட்ஃபயர் கார் நிற்கிறது. தீப்பிடித்த காரைத் தீ பாதி அழிக்கும், மீதியைப் பிறகு வரும் வாரங்கள் அழிக்கும். வயர்களின் மேலுறை பிவிசி. அது எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். அது புகைக்கரியோடு சேர்ந்து காரின் எல்லா மூலையிலும் படிந்து, ஈரம் பட்டதும் அமிலமாகிவிடும். தீயணைப்பு வண்டி ஈரத்தையும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. நீங்கள் அடித்த பவுடர் அநேகமாக அம்மோனியம் பாஸ்பேட்டும் அம்மோனியம் சல்பேட்டும் கலந்தது. அதுவும் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு இரும்பைத் தின்னும். நீங்கள் நன்றாக இருக்கிறது என்று சொன்ன பின்பகுதியிலும் அது போயிருக்கும். கதவு பூட்டு, ஜன்னல் ஏற்றும் பல்சக்கரம், கடிகார முள் வரை.

முதலில் காய்ந்த பவுடரை வாக்குவம் கிளீனரால் எடுங்கள், ஊதித் தள்ளாதீர்கள். பிறகு வெதுவெதுப்பான நீரில் சோப்புக் கரைசல், அதன் பின் சமையல் சோடா கரைத்த நீர், கடைசியில் நிறைய நல்ல தண்ணீர். கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிப் பகுதிகளுக்குள்ளும் குழாயை விட்டுக் கழுவுங்கள். அன்றைக்கே விசிறி வைத்து உலர்த்தி மெல்லிய எண்ணெய் பூசுங்கள்.

அதைத் தொடங்குவதற்கு முன் இரண்டு எச்சரிக்கைகள்.

ஒன்று, எத்தனால் தாங்கும் புதிய குழாய்கள் போட்டதாகச் சொன்னீர்கள். அவற்றில் சில விட்டான் என்ற ஃபுளோரின் ரப்பரால் ஆனவை. அது கடுமையாக வெந்தால் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் வரும். எரிந்த குழாயின் கரி, கறுத்து ஒட்டும் களிம்பாக எங்காவது இருந்தால் வெறும் கையால் தொடக்கூடாது. தடித்த நியோப்ரீன் கையுறை போட்டு, சுண்ணாம்பு நீரால் கழுவி, தொட்ட துணியையும் கையுறையையும் தனியாகக் கட்டி எறியுங்கள். தோலில் பட்டால் உடனே வலிக்காது, அதுதான் அதன் ஆபத்து. பட்டதாகச் சந்தேகம் வந்தாலே உடனே நிறையத் தண்ணீரில் கழுவிக்கொண்டு மருத்துவமனைக்குப் போய், பெயரைச் சொல்லிக் கேளுங்கள். வீட்டில் கால்சியம் குளுக்கோனேட் ஜெல் ஒன்று வாங்கி வையுங்கள்.

இரண்டாவது, ஆஸ்பெஸ்டாஸ். பிரிட்டனில் அதை முழுமையாகத் தடை செய்தது 1999இல்தான். உங்கள் காரின் பிரேக் பட்டை, கிளட்ச் தகடு, மேனிஃபோல்டு கேஸ்கட் எதிலும் அது இருக்கலாம். வெந்த கேஸ்கட்டைக் கம்பித் தூரிகையால் உலர்வாகத் தேய்க்காதீர்கள். நனைத்து, எஃப்எஃப்பி3 முகக்கவசம் போட்டுச் செய்யுங்கள்.

இருக்கைகளை வீட்டுக்குள் கொண்டுபோகவே வேண்டாம் அண்ணா. பேரப்பிள்ளைகள் வருகிற வீடாக இருந்தால் இன்னும் கவனம்.

---

கோவன்ட்ரி தகரம் எழுதியது:

தம்பி, மனதைக் கல்லாக்கிக்கொண்டு சொல்கிறேன். புதிய உடல் வாங்குங்கள்.

நான் கேன்லி ஆலையில் ட்ரையம்ப் கார்களின் வரிசையில் நின்றவன். 1980இல் அங்கே கார் உற்பத்தி நின்றது. அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் உங்கள் கார் பிறந்த அபிங்டனும் மூடப்பட்டது. அதற்குப் பிறகு முப்பது ஆண்டுகள் தனியாகப் பட்டறை வைத்து டிங்கர் வேலை செய்தேன். தீயில் வெந்த வண்டிகள் நான்கைந்து என் கைக்கு வந்திருக்கின்றன. அவற்றில் இரண்டை ஏன் எடுத்தோம் என்று இன்றும் நினைப்பேன்.

காரணத்தைக் கேளுங்கள். காரின் தகரம் சாதாரண மென் இரும்பு. அதற்கு விறைப்பு வருவது அச்சில் வைத்து அழுத்தி வளைக்கும்போது. செந்நிறம் வரும் அளவுக்கு அதைச் சூடாக்கினால் அந்த விறைப்பு போய்விடும். பிறகு பார்க்க ஒழுங்காக இருக்கும். விரலால் அழுத்தினால் எண்ணெய் டப்பா மூடி மாதிரி டொக்கென்று உள்ளே போய் வெளியே வரும். அதை எவ்வளவு தட்டினாலும் நிற்காது. எம்ஜிபிக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. ஸ்பிட்ஃபயருக்கு உண்டு, உடலைத் தூக்கி எறிந்தாலும் சேசிஸ் நிற்கும். உங்களுக்கு உடல்தான் சேசிஸ். பல்க்ஹெட் (எஞ்சின் அறைக்கும் இருக்கைப் பகுதிக்கும் நடுவே இருக்கும் தகரச் சுவர்) வெந்திருந்தால் காரின் முதுகெலும்பு வெந்தது என்று பொருள்.

ஹெரிட்டேஜ் உடல் 1988 முதல் பழைய அச்சுகளை வைத்தே செய்கிறார்கள். கதவு, பானட், டிக்கி மூடி பொருத்தியே வாங்கலாம். விலை பல ஆயிரம் பவுண்டு, அதை மறைக்கவில்லை. ஆனால் 67 வயதில் தகர வேலையைப் புதிதாகக் கற்றுக்கொண்டு, வெந்த உடலோடு நான்கு ஆண்டு போராடுவதைவிட, நல்ல உடலில் உங்களுக்குத் தெரிந்த வேலையைச் செய்து ஒன்றரை ஆண்டில் ஓட்டலாம். எஸ் வகை என்று பதிவாகியிருப்பதால் வி5சி பதிவுப் புத்தகம், உடல் மாற்றம் எல்லாவற்றையும் வாகனப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏவுக்கு முதலிலேயே எழுதிக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். ரசீது ஒன்றையும் எறியாதீர்கள்.

---

நெல்லை அம்பாசிடர் எழுதியது:

அண்ணாச்சி, உடலைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை. எஞ்சினைப் பற்றிப் பேசலாம்.

எம்ஜிபியை நான் நேரில் தொட்டதில்லை. பாளையங்கோட்டையில் நாற்பது ஆண்டுகள் அம்பாசிடர் எஞ்சின் பிரித்தவன். உங்கள் காரில் இருப்பது 1798 சிசி, அம்பாசிடரில் இருந்தது 1489 சிசி. இரண்டும் பிஎம்சி நிறுவனத்தின் பி சீரிஸ் குடும்பம். உங்களுடையதில் கிராங்குக்கு (எஞ்சினின் சுழல் தண்டு) ஐந்து பேரிங், எங்களுடையதில் மூன்று. மற்றபடி புஷ்ராடு, ராக்கர், எக்ஸாஸ்டும் கார்புரேட்டரும் ஒரே பக்கம் இருப்பது எல்லாம் அண்ணன் தம்பி முகம்தான்.

அந்த எஞ்சின் பிளாக் வார்ப்பிரும்பு. நீங்கள் சொல்லும் தீக்கு அது அசையாது. பயப்பட வேண்டியது உள்ளே விழுந்ததைப் பற்றித்தான். கார்புரேட்டர் உருகிவிட்டது என்றால் அதன் வாய் வழியாக உருகிய அலுமினியம் இன்லெட் மேனிஃபோல்டுக்குள் போயிருக்கும். எந்த வால்வு திறந்து நின்றதோ அந்த சிலிண்டருக்குள் ஒரு துளி போயிருந்தாலும் போதும். ஸ்டார்ட்டரால் சுற்றிப் பார்க்கும் ஆசையே வரக்கூடாது. பிளக் நான்கையும் கழற்றி, மண்ணெண்ணெயும் எஞ்சின் எண்ணெயும் கலந்து ஊற்றி மூன்று நாள் ஊறவிடுங்கள். ஆனால் ஹெட்டை (சிலிண்டர்களின் மேல்மூடி) கழற்றிப் பார்க்காமல் கிராங்கைக் கையால்கூடத் திருப்ப வேண்டாம்.

ஹெட்டைக் கழற்றியதும் நேர்கோல் வைத்துத் தளம் பாருங்கள். தண்ணீர் குழாய் எரிந்தபோது எஞ்சின் சூடாக இருந்தது, தீயணைப்பு வண்டி குளிர்ந்த தண்ணீர் அடித்தது. வெடிப்பு வந்தால் வால்வு இருக்கைகளுக்கு நடுவேதான் வரும். பிளாக் பக்கவாட்டில் இருக்கும் வட்டத் தகடுகளையும், முன்னால் கிராங்க் சீலையும் கேள்வியே கேட்காமல் மாற்றிவிடுங்கள்.

அப்பா காலத்து அம்பாசிடர் டாக்சி ஒன்று ஜங்ஷனில் நின்றபோது இதே போலக் கார்புரேட்டர் பக்கம் தீப்பிடித்தது. மணல் போட்டு அணைத்தோம். எஞ்சின் இருபது நாளில் ஓடியது. உங்களுடையதும் ஓடும்.

---

லெஸ்டர் பணிமனை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி.

தங்கைக்கு முதலில் பதில். உங்கள் பதிவைப் படித்தபோது தீ நடந்து ஆறு நாள் ஆகியிருந்தது. அன்றே கழுவத் தொடங்கி இருட்டும்வரை கழுவினேன். நீங்கள் சொன்னது எவ்வளவு சரி என்பதை டிக்கிக்குள் பார்த்தேன். தீ நெருங்காத இடம். அங்கே ஜாக்கியின் மேல் ஆரஞ்சு நிறத் துரு பூத்திருந்தது. மார்ச் மாதம்தான் அதைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்தேன். இருக்கைகள் வெளியே கூரைக்கடியில் இருக்கின்றன.

நெல்லை நண்பருக்கு ஒரு செய்தி. என் அப்பாவும் திருநெல்வேலி ஜங்ஷனில் அம்பாசிடர் டாக்சிதான் ஓட்டினார். 1991இல் லெஸ்டரில் ஒரு சக பணியாளர் தன் எம்ஜிபியின் பானட்டைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டபோது அந்த டாப்பட் சத்தத்தைக் கேட்டு நின்றுவிட்டேன். விடியற்காலையில் முதல் ரயிலுக்குச் சவாரி எடுக்க அப்பா வண்டியைக் கிளப்பும் சத்தம் அது. இந்தக் காரை வாங்கியதற்கு வேறு காரணம் எதுவும் கிடையாது. வேகத்துக்காக வாங்கவில்லை.

கோவன்ட்ரி அண்ணா, உங்கள் பதிவை நான்கு முறை படித்தேன். நீங்கள் சொல்வதில் தவறு காண எனக்கு அனுபவம் இல்லை. ஆனால் புதிய உடல் வந்து இறங்கினால் நான் செய்வது பொருத்தும் வேலை மட்டுமாகிவிடும். பொருத்துவது எனக்குத் தெரியும், வாழ்நாள் முழுக்கச் செய்தேன். உடல் உண்மையாகவே போய்விட்டது என்றால் வாங்குவேன், ஆபத்தான வண்டியில் மனைவியை உட்காரவைக்க மாட்டேன். போய்விட்டதா இல்லையா என்று எப்படி அறிவது? எதைப் பார்த்து முடிவு செய்வீர்கள்?

---

கோவன்ட்ரி தகரம் எழுதியது:

நல்ல கேள்வி கேட்டீர்கள். முன்னமே இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

தீ தன் கணக்கை எழுதிவைத்துவிட்டுத்தான் போகும். எது உருகியது, எது உருகவில்லை என்று பாருங்கள். துத்தநாக வார்ப்புகள் 400 டிகிரி செல்சியஸ் சுற்றுவட்டத்தில் உருகும். அலுமினியம் 660. பித்தளை 900க்கு மேல். அபிங்டன் காலத்து உடல்களில் சில இணைப்புகளை ஈயம் ஊற்றி வழித்திருப்பார்கள். அந்த ஈயக் கலவை 200, 250 டிகிரியிலேயே வழிந்துவிடும். ஒரு கார் படம் வரைந்து, எங்கே எது உருகியது என்று குறியுங்கள். எது உருகாமல் நின்றதோ அது இன்னும் முக்கியம், அந்த இடத்தின் உச்ச வரம்பை அதுதான் சொல்லும்.

பிறகு தகரத்தின் நிறம். பெயின்ட் கருகியிருந்தால் அது 300க்குள், தகரம் பிழைத்தது. பெயின்ட் முழுவதும் போய், சாம்பல் நிறத்தில் செதில் செதிலாக உரிந்தால் அது செஞ்சூடு கண்ட இடம். அதை வெட்டித்தான் ஆக வேண்டும்.

அதன் பிறகு அளவு. காரைச் சமதளத்தில் நான்கு ஸ்டாண்டில் ஏற்றுங்கள். முன் சஸ்பென்ஷனைத் தாங்கும் குறுக்குச் சட்டம் உடலோடு சேரும் புள்ளிகளிலிருந்து, பின் பட்டை ஸ்பிரிங்கின் முன் கண் இருக்கும் புள்ளிவரை மூலைவிட்டமாக இரண்டு பக்கமும் அளவெடுங்கள். தொழிற்சாலை அளவு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கதவு இடைவெளியை மேலும் கீழும் பாருங்கள். மேலே குறுகிக் கீழே விரிந்திருந்தால் கார் நடுவில் தொய்ந்துவிட்டது.

இன்னொன்று, எம்ஜிபியின் முன் டாம்பர் (அதிர்வு தாங்கி) வெறும் டாம்பர் இல்லை, சஸ்பென்ஷனின் மேல் கையும் அதுதான். அதன் கூடு அலுமினியம், உள்ளே எண்ணெய். இடது டாம்பர் தீயில் நின்றிருந்தால், உருவம் கெடாமல் இருந்தாலும் இரண்டையும் மாற்றுங்கள். முன் சுருள் ஸ்பிரிங் இரண்டும் அப்படியே. இந்த இரண்டிலும் பணத்தைப் பார்க்காதீர்கள்.

கோவன்ட்ரியிலிருந்து லெஸ்டர் என்ன தூரம். படத்தையும் அளவையும் எடுத்து வையுங்கள், வந்து பார்க்கிறேன். பார்த்த பிறகும் புதிய உடல் வாங்குங்கள் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது.

---

லெஸ்டர் பணிமனை எழுதியது (ஐந்து மாதங்களுக்குப் பிறகு):

இடையில் எழுதாததற்கு மன்னியுங்கள். காரைப் பற்றி எழுதுவதைவிடக் காரடியில் கிடந்த நேரம் அதிகம்.

கோவன்ட்ரி அண்ணா ஜூன் மாதம் வந்தார். வந்ததும் படத்தைக்கூடக் கேட்கவில்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு பல்க்ஹெட்டை அங்குலம் அங்குலமாகக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போனார். இடது பக்கம் ஹீட்டர் பெட்டி உட்காரும் தட்டில் டொக்கென்று உள்ளே போனது. நடுவுக்கு வலப்பக்கம் போனதும் நின்றது. சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். "இதற்கு இந்தப் பக்கம் போயிற்று. அந்தப் பக்கம் இருக்கிறது" என்றார்.

என் படமும் அதையே சொன்னது. பானட்டின் நடுவிலும் இடதிலும் அலுமினியம் உருகியிருக்கிறது, வலது ஓரத்தில் பெயின்ட்கூட மிச்சம். பிரேக், கிளட்ச் சிலிண்டர்கள் வலப்பக்கம் இருப்பதால் தப்பின. அவை உடைந்து பிரேக் திரவம் கொட்டியிருந்தால் அதுவும் சேர்ந்து எரிந்திருக்கும். கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதியில் இருபுறமும் பெயின்ட் கருகவே இல்லை. மூலைவிட்ட அளவில் இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம். சக்கர மையத்திலிருந்து சக்கர மையத்துக்கு வலப்பக்கம் 2311, இடப்பக்கம் 2309. தொழிற்சாலை அளவு 91 அங்குலம், அதாவது 2311. ஐம்பது ஆண்டு ஓடிய எந்த எம்ஜிபியிலும் அந்த இரண்டு மில்லிமீட்டர் இருக்கும் என்றார் அண்ணா. புதிய உடல் என்ற பேச்சை அதன் பிறகு அவர் எடுக்கவில்லை.

முன் விங் (சக்கரத்தை மூடும் பக்கத் தகடு) இரண்டும் போல்ட்டில் நிற்பவை, கழற்றிவிட்டோம். இடது உள் விங், பல்க்ஹெட்டின் இடது பாதி, கண்ணாடிக்கு முன்னால் இருக்கும் மேல்தகடு ஆகிய மூன்றும் வெட்டி எடுத்துப் புதிதாகப் பற்றவைக்க வேண்டியவை. வெட்டுவதற்கு முன் கதவுச் சட்டத்துக்குக் குறுக்கே இரும்புக் குழாய் பற்றவைத்து உடலைக் கட்டிவைத்தோம். இல்லாவிட்டால் வெட்டிய நிமிடமே திறந்த கார் மடங்கிவிடும்.

வெல்டிங் கற்றுக்கொண்டேன். முதல் இரண்டு வாரம் காரைத் தொடவிடவில்லை அண்ணா. பழைய விங்கிலிருந்து வெட்டிய துண்டுகளில் ஓட்டை போட்டு, அந்த ஓட்டையை நிரப்பிப் பற்றவைத்து, பிறகு உளியால் பிளந்து பார்க்கச் சொன்னார். பற்றவைத்த புள்ளி விடுபட்டால் தோல்வி, புள்ளி நின்று சுற்றியுள்ள தகரம் கிழிந்தால் தேர்ச்சி. நாற்பது துண்டுகளுக்குப் பிறகு தொடர்ந்து பத்து புள்ளிகள் நின்றன. தேதி எழுதி அந்தத் துண்டைக் கராஜ் சுவரில் மாட்டியிருக்கிறேன்.

நெல்லை அண்ணாச்சி, கிராங்கைத் திருப்பாதீர்கள் என்று நீங்கள் சொன்னதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. மூன்றாவது சிலிண்டரில் மிளகளவு அலுமினிய உருண்டை ஒன்று பிஸ்டன் மேல் கிடந்தது. இன்லெட் வால்வு இருக்கையில் இன்னொன்று ஒட்டியிருந்தது. ஹெட்டில் வெடிப்பு இல்லை, தளத்தை மட்டும் சீவவேண்டி இருந்தது. எஞ்சின் இப்போது மேஜை மேல் தனியாக, வாயில் துணி அடைத்து நிற்கிறது.

தங்கைக்கு: விட்டான் விஷயத்தில் நீங்கள் எச்சரித்தது வீண்போகவில்லை. பம்பிலிருந்து வரும் குழாய் முடியும் இடத்தில் கறுத்த களிம்பு இருந்தது. கையுறையோடுதான் எடுத்தேன். ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்ற கேஸ்கட்டுகளை நனைத்து, இரட்டைப் பையில் கட்டி, மாநகராட்சியிடம் கேட்டு ஒப்படைத்தேன்.

வயரிங் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன், என் தொழில் அது. கடையில் கட்டாகக் கிடைக்கும் வயரிங்கை வாங்கவில்லை. லூகாஸ் நிறுவனத்தின் நிறங்களிலேயே வயர் வாங்கிச் சமையலறை மேஜையில் நானே கட்டுகிறேன். பிரவுன் எப்போதும் மின்சாரம் உள்ளது, வெள்ளை சாவி திறந்தால் வருவது, பச்சை அதிலிருந்து ஃபியூஸ் கடந்தது, கறுப்பு எர்த். இந்தக் காரில் பிரவுன் வயருக்கு ஃபியூஸ் கிடையாது, பேட்டரியிலிருந்து நேராக முன்னால் வருகிறது. அன்று சாவியை அணைத்த பிறகும் அந்த வயர் உறை எரிந்து உடலில் உரசித் தீப்பொறி தட்டிக்கொண்டே இருந்ததைப் பார்த்தேன். இந்த முறை பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய ஃபியூஸும், கையெட்டும் இடத்தில் ஒரு துண்டிப்பு சுவிட்சும் வைக்கிறேன். பெட்ரோல் பம்புக்கு, மோதினால் தானாக நிற்கும் சுவிட்ச் ஒன்று. பார்க்க 1968 மாதிரியே இருக்கும், வயர் எல்லாம் துணி நாடா சுற்றி.

அந்தக் கையளவு ரப்பர் குழாய் இருந்த இடத்தில் இப்போது செம்புக் குழாய் வளைத்து வைத்திருக்கிறேன். இரு முனையிலும் மட்டும் குட்டை ரப்பர், அதன் மேல் மாற்றவேண்டிய ஆண்டு எழுதிய சீட்டு.

நேற்று மதியம் பல்க்ஹெட்டின் இடது பாதியில் பாதிப் புள்ளிகள் முடிந்திருந்தன. மணி இரண்டு. கையைக் கழுவி, மனைவி வைத்த ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டு வந்து, மீதிப் பாதியையும் நானே பற்றவைத்தேன்.